கட்டை எடுக்கும் கை

எங்கள் வீட்டில் யாருக்கும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அப்பா, எங்களுக்கு நைனா, இருந்தவரை சோற்றைக்கூட நின்றபடியேதான் தின்பார். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஒரு ஜாக்கெட் கை தைத்து முடிப்பதற்குள் எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வருவேன். ஏரியில் புதிதாக என்ன இருக்கப்போகிறது? அதே தண்ணீர், அதே கொக்கு, பறவை பார்க்க வந்து வெயிலில் கருகும் அதே சென்னைக்காரர்கள். ஆனாலும் போவேன். என் தம்பி எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். விடிந்தால் படகுத்துறையிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து படகுத்துறைக்கு. நடுவில் யாராவது கூடையைத் தூக்கச் சொன்னால் தூக்குவான். டீ வாங்கிக் கொடுத்தால் ஒரே மூச்சில் குடிப்பான். மறுபடியும் நடை.

அவனுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. நாலு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வராது. காசு எண்ணத் தெரியாது. ஊரில் யாரும் அவனைக் கிண்டல் செய்ததில்லை. செய்தால் நான் சும்மா விடமாட்டேன் என்பதும் ஊருக்குத் தெரியும். 'நம்ம புள்ள' என்பார்கள். தாடியில் நரை வந்த பிறகும் 'நம்ம புள்ள'தான். அவனைவிட இளையவர்கள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, ஊர்க்கூட்டத்தில் மீசையை நீவிக்கொண்டு உட்காருவார்கள். இவன் கோயிலுக்கு வெளியே நடந்துகொண்டிருப்பான். எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

எங்கள் ஊர், தோணிரேவு, பசியாவரம் என்று பழவேற்காடு ஏரியைச் சுற்றி இவனைப் போன்ற பெரிய பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்று ஒரு தொண்டு அமைப்பு வந்தது. உள்ளூரில் ஒரு பெண் வேலைக்கு வேண்டும் என்றார்கள். தைத்துத் தைத்து இடுப்பு விட்டுப்போயிருந்தது, நடக்கிற வேலை என்றதும் சேர்ந்துவிட்டேன். வாரத்துக்கு ஒருநாள் புயல் காப்பகக் கட்டடத்தில் எல்லோரையும் கூட்டிவைப்போம். முதலில் மெழுகுவர்த்தி செய்யச் சொல்லிக்கொடுத்தோம். மீன் பிடிக்கிற ஊரில் யாருக்கு வேண்டும் இத்தனை மெழுகுவர்த்தி? என் தம்பி ஒரு வர்த்திகூட ஊற்றவில்லை. கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தான். மூலையில் பெட்டி பெட்டியாக வர்த்தி உருகிக் கிடந்தது.

அமைப்பின் மேடம் நல்ல மனுஷி. சொன்னால் கேட்டுக்கொள்வார். ஒருநாள் அவரே, "இந்த மெழுகு போதும். இவங்க ஊரோட சேர்ந்து என்ன செய்யறாங்க, என்ன செய்யலாம், அதைப் பாப்போம்" என்றார். ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தி கோயில் வாசல் பெருக்குவாள். ஒருவன் பழவேற்காடு மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கப் போவான். என் தம்பியின் முறை வந்தபோது நான் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் தம்பி இல்லாமல் எங்கள் ஊரில் பாடு குலுக்க முடியாதே!

மேடத்துக்குப் பாடு என்றால் என்ன என்று விளக்கவேண்டியிருந்தது. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் கிடைக்காது. தண்ணீர் வடிந்து கடலுக்கு ஓடும் வழியில் சில இடங்கள் உண்டு. அங்கே கழி நட்டு வலை கட்டினால் ஓட்டத்தோடு இறால் வந்து விழும். அந்த இடத்தில் வலை கட்டும் முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஆளாளுக்குப் பாய்ந்தால் மண்டை உடையும் என்பதால், யாருக்குப் பின் யார் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கி எடுப்பார்கள். முறை தலைக்கட்டுக்குத்தான் உண்டு. கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. ஊர் வரி அவன்மேல், கோயில் பங்கு அவனுக்கு, தப்பு செய்தால் தெண்டமும் அவன்மேல். பெண்பிள்ளைகள் நாங்கள் என்ன வாய் பேசினாலும் தெண்டம் எங்கள்மேல் நேராக விழாது. புருஷன்மேல் விழும்.

தலைக்கட்டுக்கு ஒரு கட்டை. விரல் நீள மரத்துண்டில் அவரவர் வீட்டுக் குறியைக் கத்தியால் வெட்டியிருப்பார்கள். எல்லாக் கட்டைகளையும் ஒரு பெயிண்ட் வாளியில் கொட்டி, ஈரத்துண்டால் மூடி, என் தம்பியைக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவனுக்குப் புதுச்சட்டை. துண்டுக்கு அடியில் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பான். முதலில் வந்த கட்டைக்காரனுக்கு முதல் முறை. எத்தனையோ வருஷமாக இவன்தான் எடுக்கிறான். ஒன்றும் தெரியாதவன் கை, அதனால் கள்ளம் இல்லாத கை என்பது ஊர்ப்பேச்சு. அவன் எடுத்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இதுதாங்க நாங்க தேடிட்டு இருந்தது!" என்றார். அப்புறம் பையை மூடிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார், "அவருக்கு எத்தனையாவது முறை வந்துச்சு?"

"யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

நான் சிரித்துவிட்டேன். "அவனுக்கு ஏது மேடம் கட்டை?" என்றேன். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் வண்டி ஏறிப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்தோமா, மெழுகு ஊற்றினோமா, போனோமா என்று இல்லாமல் இது என்ன கேள்வி! வீட்டுக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். நூல் அறுந்தது. எழுந்தேன். வாசலில் தம்பி கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தான். அத்தனை பேர் கட்டையையும் எடுத்துக் கொடுத்த கை சும்மா முன்னும் பின்னும் வீசிக்கொண்டு போனது.

அன்றைக்கே அண்ணனிடம் போனேன். அம்மா போன பிறகு தம்பி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறான். அண்ணன் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "தம்பிக்கும் ஒரு கட்டை வேணும்ணா" என்றேன்.

"இன்னாத்துக்கு? அவனுக்கு இங்க இன்னா கொறச்சல்? துன்றான், தூங்கறான்."

"மாடுகூடத்தான் துன்னுது, தூங்குது."

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். "இன்னா பேசற நீ? தண்ணில எறங்கி ஓட்டத்துல நிக்கணும். அவன் ஒரு எடத்துல நிப்பானா? எதனா ஒன்னு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உன் மேடமா?"

அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் வாய் அடங்கியிருக்கவேண்டும். அடங்கவில்லை. "அவனுக்கு கோயில்ல ஒரு பங்குகூட கெடையாதுண்ணா, ஊர்ல அவன் ஒரு ஆளே இல்ல" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

அடுத்து ஊர்த்தலைவர். எங்கள் பக்கம் பெரியதனக்காரர் என்போம். எனக்குப் பெரியப்பா முறை. அவர் டீக்கடையில் இருந்தால் டீக்கடைக்கு, படகில் ஏறினால் துறைக்கு, கோயிலுக்குப் போனால் கோயில் வாசலுக்கு. குலுக்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, ஒருநாள்கூட விடவில்லை. அந்த மனிதர் என்னைக் கண்டாலே துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

"கல்யாணம் ஆவாதவனுக்கு தலைக்கட்டு கெடையாதுமா. ஊர்க் கட்டுப்பாடு."

"பொண்டாட்டி ஓடிப்போனவருக்கு இருக்குதே பெரிப்பா? அவரு கட்டைய எடுத்துட்டீங்களா?"

"அவரு ஒருவாட்டி கட்னாரு இல்ல?"

"என் தம்பிக்கு யார் பொண்ணு குடுத்தீங்க? உங்க வூட்ல குடுத்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். "பொம்பளைங்களுக்குத் தெண்டம் போட வழி இல்லாமப் போச்சு. இல்லன்னா உன் வாய்க்கே போட்ருப்பேன்" என்றார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார், "சரி, அவன் கட்டைய உள்ள போட்டா, அப்பால யாரு எடுக்கறது? தன் கட்டை உள்ள இருக்கறவன் எடுத்தா ஊரு ஒத்துக்குமா? அவனுக்கு அந்த ஒரு நாள்தாண்டி சந்தோசம். அத்தையும் புடுங்கிடுவியா நீ?"

அவர் சொன்னது நிஜம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாளி முன்னால் நிற்கும்போது தம்பி முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவனையே கேட்டேன். "கட்டை வேணுமாடா, இல்ல கட்டை எடுக்கணுமாடா?" என்றேன். "ரெண்டும்" என்றான். போய்க்கொண்டே இருந்தான்.

ஊர்க்கூட்டத்தில் நான் கோயில் மதில் ஓரம் மற்றப் பெண்களோடு நின்றேன். நின்றேனா எங்கே, கால் மாற்றிக் கால் மாற்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். பேச்சு எடுத்ததும் ஆளுக்கு ஆள் கத்தினார்கள். பெரியதனக்காரர் வேண்டாம் என்று முடிக்கப்போகும் நேரம், ஆண்கள் நடுவிலிருந்து அண்ணன் எழுந்தார். கூட்டத்தில் அண்ணன் பேசி நான் கேட்டதே இல்லை. இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு புதுக் கட்டையை எடுத்து எதிரில் வைத்தார். நைனாவின் குறி இரண்டு நேர்கோடு. அது அண்ணனுக்கு வந்தது. அதன் குறுக்கே இன்னொரு வெட்டு போட்டிருந்தார்.

"என் தம்பி என் கூடத்தான் எறங்குவான். பொறுப்பு என்து" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இந்த மனிதனை எவ்வளவு பேசிவிட்டேன்! பெரியதனக்காரர் கட்டையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு வழி சொன்னார். இந்த வருஷம் அவன் கட்டையும் உள்ளே போகும், எடுப்பதும் அவனேதான். ஒன்றும் தெரியாதவன்தானே, எடுக்கட்டும். ஆனால் ஏதாவது கோளாறு வந்தால் அவன் கட்டையை நீக்கிவிடுவோம், அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றார். சொன்னபோது அவர் என்னைத்தான் பார்த்தார்.

குலுக்கல் நாள் வரை கட்டை தம்பியிடமே இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நடக்கும்போது பெருவிரலால் அந்த வெட்டைத் தேய்த்துக்கொண்டே நடந்தான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் கட்டை. தூங்கும்போது கைக்குள் கட்டை. விளிம்பெல்லாம் மழமழவென்று ஆகிவிட்டது. "தா, பாத்துட்டுத் தரேன்" என்றாலும் தரமாட்டான். "என்து" என்பான்.

எனக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. கோளாறு என்றால் என்ன கோளாறு வரும்? அவன் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடுவானோ? கட்டையை உள்ளே போடமாட்டேன் என்று அடம் பிடிப்பானோ? மேடம் போன் செய்து கேமராவோடு வரட்டுமா என்று கேட்டார். "வேணாம் மேடம், வந்தீங்கன்னா நான் ஏரில விழுந்துடுவேன்" என்றேன். பாவம், பயந்துபோய் வைத்துவிட்டார்.

அந்தக் காலையில் காற்று தென்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. தம்பிக்கு நீலச்சட்டை தைத்திருந்தேன். அவசரத்தில் ஒரு கை நீளமாகப் போய்விட்டது, மடித்துவிட்டேன். கோயில் முன்னால் வாளி. ஒவ்வொருவராகக் கட்டையை எல்லோருக்கும் காட்டி உள்ளே போட்டார்கள். தம்பியும் போட்டான். ஒரு நொடி கட்டையை விடாமல் பிடித்திருந்தான். அண்ணன் தோளைத் தொட்டதும் விட்டான். பெரியதனக்காரர் வாளியைக் குலுக்கி, ஈரத்துண்டைப் போட்டு மூடினார்.

தம்பி வாளிக்குள் கையை விட்டான்.

அவன் எடுக்கும் விதம் எனக்குத் தெரியும். விட்ட வேகத்தில் எடுப்பான், கையில் பட்டதை எடுப்பான். அன்றைக்கு உள்ளே போன கை வெளியே வரவில்லை. துண்டு மேலே எழும்பியது, அமர்ந்தது, ஒரு பக்கமாக நகர்ந்தது. உள்ளே கட்டைகள் கடகடவென்று உருண்டன. அவன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு, நாக்கை ஓரத்தில் கடித்தபடி துழாவினான். அடப்பாவி, அதைச் செய்யாதே, செய்யாதே என்று உள்ளுக்குள் அலறினேன். வாய் திறந்தால் நானே காட்டிக்கொடுத்தது போல ஆகும்.

கை வெளியே வந்தது. இரண்டு கோடு, குறுக்கே ஒரு வெட்டு.

"யக்கா! என்து!" என்று மதில் ஓரம் நின்ற எனக்குக் காட்டி ஆட்டினான்.

அப்புறம் கேட்கவேண்டுமா! எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "தடவிப் பாத்து எடுத்தாம்பா, நான் பாத்தேன்!" "இன்னாபா இது, எல்லாரையும் டபாய்க்கறானா?" "திருட்டுப் பய!" ஒருவர் வாளியையே காலால் தள்ளிவிட்டார். கட்டைகள் மண்ணில் சிதறின. "கோளாறு வந்துடுச்சு, எடுங்க அவன் கட்டைய!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தம்பி நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் கட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் உறைத்தது. திருட்டுப் பய. என் தம்பியை யாரும் அதுவரை திருடன் என்று சொன்னதில்லை. திருடுவதற்குப் புத்தி வேண்டும் இல்லையா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மதிலை விட்டு ஆண்கள் நடுவே போய் நின்றுவிட்டேன்.

"ஒன்னும் தெரியாதவன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப திருடன்றீங்க. ரெண்டுல ஒன்னு சொல்லுங்க!"

"நீ போமா அந்தாண்ட!"

"போறேன். முன்ன ஒருத்தரு கட்டைல தார் பூசி உள்ள போட்டாரே, எடுத்தா கைல ஒட்டிக்கும்னு? அவரு கட்டைய எடுத்துட்டீங்களா? தெண்டந்தான போட்டீங்க?"

தார் பூசியவர் அங்கேயேதான் நின்றார், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார். யாரோ சிரித்தார்கள். பெரியதனக்காரர் கையை உயர்த்தியதும் சத்தம் மெல்ல அடங்கியது.

"தெண்டம் தலைக்கட்டுக்குத்தான் போட முடியும். தெரிஞ்சி தப்பு பண்றவனுக்குத்தான் போட முடியும். புள்ளைங்களுக்குப் போட முடியாது" என்றார். தம்பியைக் கிட்டே கூப்பிட்டார். தம்பி போனான்.

"ந்தா, என்னப் பாரு. தெரிஞ்சி எடுத்தியா, கைல வந்துதா?"

தம்பி கட்டையைப் பார்த்தான். கைல வந்தது என்று சொல்லிவிடு, என் ராசா, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். அதைச் சொன்னால் திட்டு இருக்காது, எல்லோரும் பாவம் என்று விட்டுவிடுவார்கள். பழையபடி நம்ம புள்ள ஆகிவிடுவான்.

"தெரிஞ்சி" என்றான்.

"தெரிஞ்சிதானா?"

"தெரிஞ்சிதான். என்து. மொதல்ல வேணும்."

அங்கே நின்ற எந்த மனிதனுக்குத்தான் தன் கட்டை முதலில் வரவேண்டும் என்று ஆசை இல்லை? பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்.

"தெரிஞ்சி பண்ணதுக்குத் தெண்டம். கோயில் வெளக்குக்கு ஒரு டின்னு எண்ண. இந்த வருசம் உன் கட்டை கடைசி. இனிமே உன் கை வாளில போவக்கூடாது. தெரிஞ்ச கை அது."

வேறொரு ஆளை வைத்து மறுபடி குலுக்கினார்கள். தம்பியைக் கிட்டேயே விடவில்லை. அவன் வாளியைப் பார்த்துப் பார்த்து அழுதான். நீலச்சட்டையின் நீளமான கையால் மூக்கைத் துடைத்தான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெரியதனக்காரர் சொன்னது சரிதான், அந்த ஒரு சந்தோஷம் போயே போய்விட்டது. இனி எந்த வருஷமும் திரும்ப வராது. கடைசியாக அவன் கட்டையைத் தனியே வைத்து, அண்ணன் வீட்டுக் குறியைச் சொல்லி, "குறுக்கு வெட்டு" என்று சேர்த்துக் கூப்பிட்டபோது அவன் அழுகை நின்றது. சட்டென்று போய் ஆண்களோடு நின்றுகொண்டான்.

சாயங்காலம் அண்ணன் பழவேற்காட்டிலிருந்து எண்ணெய் டின் வாங்கி வந்தார். வீட்டிலிருந்து கோயிலுக்கு நேர் வழி. தம்பி நேர்வழியில் போகவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றான். "எனுக்குத் தெண்டம்" என்றான். வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னான். டீக்கடையில் சொன்னான். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் சொன்னான். தார் பூசியவர் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "எனுக்குங்கூடப் போட்டாங்கடா" என்று நகர்ந்து இடம் விட்டார். தம்பி உட்கார்ந்தான். ஒரு டீ குடிக்கும் நேரம் உட்கார்ந்தான். பிறகு எழுந்துவிட்டான், இன்னும் பாதி ஊர் பாக்கி இருந்தது.

நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். டின் கனம். கைப்பிடிக் கம்பி அவன் விரலில் பதிந்து சிவந்திருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் நடந்தேன். "குடுடா, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

டின்னை மறுபக்கம் மாற்றிக்கொண்டான். "உனுக்கு இல்ல தெண்டம். எனுக்கு" என்றான்.